பார் கிடக்கும் இடம்

தடைக்காலத்தில் மண்டபம் ஜெட்டியில்
விசைப்படகுகள் தோள் உரசிச் சும்மா நிற்கும்.
ஐஸ் ஃபேக்டரியில் ஒரு மோட்டார் மட்டும் ஓடும்.
கணக்கெழுத ஒன்றுமில்லாத நான்
பத்ருதீன் டீக்கடை பெஞ்சில்
ஒன்பதேகாலுக்குப் போனைத் திறப்பேன்,
மார்க்கெட் திறக்கிற நேரம்.
அறுபத்தோரு நாளும் எனக்கு அதுதான் கடல்.

குழாய் செய்கிற கம்பெனி. குஜராத்தில் எங்கோ.
நான் பார்த்ததில்லை,
அதன் குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுமில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டில் வாங்கினேன்,
ஜெட்டிக்கே கேட்கிற மாதிரி வாங்கினேன்.
"முந்நூறு போகும், எழுதி வச்சுக்க" என்றேன்.
டீசல் பங்க் சவரிராஜ் நிஜமாகவே எழுதிக்கொண்டார்,
சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்.

ரொசாலி அதிகம் பேச மாட்டாள்.
நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை.
விரல் நுனியெல்லாம் ஓடு கீறிய கோடுகள்.
ரேகை வைத்தால் அவள் போன் திறக்காது,
நம்பர் அடித்துத்தான் திறப்பாள்.
பார்சல் டீக்கு நின்றவள்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"நீ இன்னும் வச்சிருக்கியா?"
"பின்னே?" என்றேன்.

அன்று அது பொய் இல்லை.
பொய்யானது அடுத்த செவ்வாய்,
இருநூற்று அறுபத்தொன்றில் நான் விற்றபோது.

விற்றதில் தப்பில்லை. என் பணம்.
சொன்னால் கண்பட்டுவிடும் என்று நினைத்தேனா,
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேனா,
இப்போது யோசித்தால் இரண்டும் இல்லை.
முந்நூறு என்ற வாய் கூசியது.
அவ்வளவுதான்.

புதன்கிழமை அவள் வாங்கினாள்.
இருநூற்று ஐம்பத்தெட்டு. நூற்றைம்பது பங்கு.
வைகாசிக் கச்சான் மண்ணை வாரி
டீ கிளாசுக்குள் போட்ட ஒரு மத்தியானம்
விலை நூற்று நாற்பதில் நின்றது.

கடலில் ஒரு வழக்கம் உண்டு.
மீன் எங்கே பட்டது என்று கேட்டால்
எவனும் கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி
"அந்தாக்கல" என்பான்.
யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அது அவன் பாடு.
ஆனால் வலையைக் கிழித்த பாரை மறைக்கக் கூடாது.
இன்ன இடம், இத்தனை பாகம் என்று
வாக்கிடாக்கியில் கூவியாக வேண்டும்,
பேச்சுவார்த்தை இல்லாதவன் படகுக்கும் சேர்த்து.
நான் மீன் கிடக்கும் இடத்தைக் கூவினேன்.
பாரை விழுங்கிக்கொண்டேன்.

ஷிஃப்ட் முடிகிற நேரம்
நண்டுக் கம்பெனி கேட்டில் போய் நின்று சொன்னேன்.
கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடை அது.

"பட்டனை அமுக்குனது என் விரலு.
கம்பெனி லாபமா நட்டமான்னு பாக்காதது என் சோம்பல்.
அத உன் தலையில கட்ட மாட்டேன்."
கொஞ்சம் நடந்து திரும்பினாள்.
"ஆனா வாங்குனப்ப அந்தக் கத்து கத்துன.
வித்தப்ப ஒரு இருமலாவது இருமியிருக்கலாம்ல?"

பதினேழாயிரத்து எழுநூறு.
பாதி தருகிறேன் என்றேன்.
"பாதிய வாங்குனா
பாதி புத்திதான் எனக்கு மிஞ்சும். வச்சுக்க."
அந்தப் பணம் இன்னும் தனியாகத்தான் கிடக்கிறது,
செலவழிக்கவும் வரவில்லை,
எதிலும் போடவும் வரவில்லை.

தடை முடிகிற அன்று
ஜெட்டி முழுக்க டீசல் புகை.
சவரிராஜ் அந்த அட்டையை எடுத்து நீட்டினார்:
"என்னப்பா, முந்நூறு?"
"வித்துட்டேன்" என்றேன்.
"சித்திரையிலயே. யார்ட்டயும் சொல்லல."
பெஞ்சுக்கு மட்டுமல்ல,
கடைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பத்ருதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீ
இரண்டு குவளைக்கும் நடுவில் ஒரு நொடி நின்றது.
சவரிராஜ் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தானும் வாங்கியிருந்தாரா என்று சொல்லவில்லை.
நான் கேட்டிருக்க வேண்டும்.
அதற்குள் படகிலிருந்து
ஐஸ் எங்கே என்று என்னைக் கூப்பிட்டார்கள்.