பக்கவாட்டில்

தோமாரித் துறைமுகத்தில் ஏலம் தொடங்க
இன்னும் நாற்பது நிமிடம்.
குளிர்கிடங்குக்கும் பனிக்கட்டி இயந்திரத்துக்கும் நடுவே
நீளமாய் ஒரு சந்து.
குறுக்கே கை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும்.
என் கட்டாவுக்கு அது போதும்.

நைஹாஞ்சியில் முன்னேறுவது கிடையாது, பின்வாங்குவதும்.
வலப்பக்கம் சில அடி, பிறகு இடப்பக்கம் சில அடி.
நண்டுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று
இதோகாசு கேட்பான்,
ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே,
வாயில் சோற்றுருண்டையோடு.
நான் ரப்பர் பூட்ஸைக் கழற்றிச்
சுவரோரம் ஜோடியாக வைக்கிறேன்,
தொடங்கும் இடத்துக்கு அடையாளமாக.
சிமெண்டுத் தரை ஈரம்.
ஏப்ரலிலும் குதிகால் கூசுகிறது.

குனிந்து ஒரு வணக்கம்,
எதிரே பனிக்கட்டி இயந்திரம்தான் நிற்கிறது.
தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும்.
பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.
பதினோரு வருடம் நான்
போய்விட்டுத்தான் பார்த்தேன்,
என் கல்யாணத்தையும் சேர்த்து.

இடக்கால் வலக்காலைக் கடக்கிறது,
தூங்கும் பூனையைத் தாண்டுவதுபோல.
கை திறக்கிறது. முழங்கை வருகிறது.
உள்ளங்கையில் அது மோதும் சத்தம்
தகரத்தில் விழுந்த ஒற்றைச் சொட்டு.

அந்த முழங்கை யாருக்கு?
வியாழக்கிழமைகளில் சலவைக்கடை மாடியில்
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.
குடிநீர் வாரியத்துத் தோக்காஷிகி
முடியைப் பிடித்து இழுத்தவனுக்கு என்பார்,
அவர் தலை வழுக்கை.
பல் மருத்துவர் மியாரா
மணிக்கட்டைப் பிடித்தவனுக்கு என்பாள்.
இரண்டு வாரம் வந்து தங்கிய ஜெர்மன்காரர்
எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு
நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.
எனக்கு எல்லாமே சரியென்றுதான் பட்டது.
ஆனாலும் நான் செய்யும்போது
என்னெதிரே ஒருவரும் வந்து நிற்பதில்லை.
என் மூச்சு மட்டும் கொஞ்சம் முன்னால் போய்
வெள்ளையாக நின்று கலைகிறது.

இருபத்தாறு வருடத்தில்
ஒரே ஒரு தடவை இது வேலைக்கு ஆனது.
அறுபது கிலோச் சூரைமீன்,
பனித்தூளில் கிடந்தது, வண்டியிலிருந்து நழுவியது.
அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு
எண் ஒட்டிக்கொண்டிருந்தான் புதுப் பையன் ஒருவன்.
நான் பார்த்தேன்.
கால் கடந்தது, இடுப்பு இறங்கியது,
முழங்கை போய்ச் செவுளில் இடித்தது.
மீன் திசைமாறி விழுந்து
வடிகால்வரை வழுக்கிக்கொண்டே போயிற்று.
தாடை கிழிந்தது. விலை இறங்கிற்று.
பையன் மறுநாளே வேலையை விட்டான்.
என் முழங்கை ஒரு மாதம் கத்திரிக்காய் நிறம்.
மாடியில் இதை நான் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த வியாழன்
விளக்கங்களின் வரிசையில் சூரைமீனும் சேர்ந்துவிடும்.

இப்போது திரும்பும் அலை:
பாதம் தொடைவரை எழும்பி
எடுத்த இடத்திலேயே விழ வேண்டும்.
இடது முட்டி இங்கேதான் முனகும்.
மருத்துவர் எண்பது விழுக்காடு சரியென்றார்,
மீதி இருபதும் இந்த ஒரு அசைவில்
வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும் என்பது விதி.
அறுவைக்குப் பிறகு ஒரு சாண் தள்ளியே முடிகிறேன்,
எத்தனை முறை செய்தாலும் அதே ஒரு சாண்.
கண்ணை மூடிச் செய்தேன், மெதுவாகச் செய்தேன்,
எண்ணிக்கொண்டே செய்தேன்.
ஒவ்வொரு காலையும் பூட்ஸ் எட்டாமல்
வெறுங்காலோடு ஈரத்தில் ஓர் அடி வைப்பேன்.
அந்த அடி எந்தக் கட்டாவிலும் இல்லை.

இன்று கடைசி வணக்கத்தில் குனிந்தேன்.
பூட்ஸ் காலடியிலேயே இருந்தது,
நூல் பிடித்தாற்போல.

நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.
பிறகு சிமெண்டில் கண் போயிற்று:
பூட்ஸ் முதலில் இருந்த இடத்தில்
இரண்டு காய்ந்த பாதங்கள்,
ஒரு சாண் தள்ளி.
பக்கத்தில் இரண்டு சோற்றுப் பருக்கை.

சந்தின் முனையில்
ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கிப் போகும் பீப் சத்தம்.
அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று
காலை இழுத்தேன்.
ஏல மணி அடித்துவிட்டது.