மூன்று சொட்டு

கிராட்டுக்கு முகம் வைக்கத் தெரியவில்லை எனக்கு.
பதினோரு தாள் போய்விட்டது.
வில்யாண்டியில் டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டு;
விளக்கடியில் வரைந்ததைக் காலையில் பார்த்தால்
யாரோ கிறுக்கிய பொம்மை.

கதை இவ்வளவுதான்:
உடைசல் சாமான்களைக் கட்டி ஆள் செய்வான் குடியானவன்.
வியாழன் இரவு, முச்சந்தி,
சாத்தானுக்கு மூன்று சொட்டு ரத்தம்.
கிராட் எழுந்துவிடும்.
ஊரார் வெண்ணெயெல்லாம் அவன் வீட்டுப் பானைக்கு வரும்.
வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஓய்ந்தால்
எசமான் கழுத்துக்கு வரும்.

கண் வைத்தேன், பாவமாக இருந்தது.
பல் வைத்தேன், பற்பசை விளம்பரம்.
பதிப்பகத்திலிருந்து பீரெத் கூப்பிட்டாள்:
"ஆறு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது, லேலோ.
கொஞ்சம் சிரிக்கட்டுமே."
சிரிக்க வைத்தேன்.
அன்றைக்குத் தூக்கம் போனது.

கடைசியில் பென்சிலை வைத்துவிட்டு
ஊர்மஸின் கொட்டகைக்குப் போனேன்.
பனிச்சறுக்கு வண்டியின் ஒற்றைக்கால்,
மூடி தொலைந்த பால்கேன்,
பல் போன வைக்கோல்வாரி,
துருவேறிய கதவுக்கீல் இரண்டு.
"எதுக்கு?" என்றான்.
"ஒருத்தரைச் செய்யணும்."
மேலே கேட்கவில்லை. கம்பியும் கொடுத்தான்.

சமையலறைத் தரையில் கட்டி நிறுத்தினேன்.
விழுந்தது.
கல் வைத்து நிறுத்தினேன், சாய்ந்தது.
அந்தச் சாய்வோடு அப்படியே நின்றது,
கேனின் கருத்த வாய் என்னைப் பார்த்தபடி,
அடுத்து என்ன என்று
கேட்கப் போகிறவர்கள் நிற்பார்களே,
அப்படி.

முகமே வேண்டியிருக்கவில்லை.
விடிவதற்குள் ஒன்பது படம்.

ரத்தம் மட்டும் பாக்கி.
கெட்டிக்காரர்கள் ரத்தம் கொடுக்க மாட்டார்களாம்,
பிளாக்கரன்ட் பழத்தைப் பிழிந்து
சாத்தானையே ஏமாற்றுவார்களாம்.
எனக்கும் ஜூலையில் பறித்தது ஒரு டப்பா
ஃப்ரீஸரில் இருந்தது.
தூரிகை வேண்டாம் என்று
விரலாலேயே வைத்தேன், மூன்று சொட்டு.
நல்ல சிவப்பு. நானே நம்பினேன்.

மறுநாள் பார்த்தால் நீலம்,
மழைமேகத்தின் அடிவயிறு மாதிரி.
தாளில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, அதன் வேலை.
துடைத்துச் சிவப்பு மை வைக்கலாமா என்று
ஒரு காபி நேரம் யோசித்தேன்.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

"ரத்தம் ஏன் நீலமா இருக்கு?" பீரெத்.
"சாத்தானும் மறுநாள் இதைத்தான் கேட்டிருப்பான்."
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு சிரிப்பு. அது போதும்.

புத்தகம் அச்சுக்குப் போய் வாரமாகிறது.
பால்கேன்காரர் இன்னும் அடுப்படியில்தான்.
ஊர்மஸ் இருமுறை கேட்டுவிட்டான்;
கழற்றக் கை வரவில்லை.
பாத்திரம் துடைக்கும் துணியை
வைக்கோல்வாரிக் கையில் தொங்கவிட்டிருக்கிறேன்.
சும்மா நிற்க விடக் கூடாதே.