அசல் நிலை

"எல்லாம் அசல், மிஸஸ் ஆட்லிங்.
பெரியப்பா ஒரு திருகைக்கூட
யாரையும் தொட விட்டதில்லை"
என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே
என் மேசையில் இறக்கினான் ராய்ஸ்டன்.
ஒசாகாவில் ஒருவர் பணத்தோடு காத்திருக்கிறாராம்.
வேண்டியது ஒரு தாள், அதில் என் கையெழுத்து.

வெளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.
கறுப்பு ரெக்சின். இடது மூலையில் கிழிசல்.
தலையில் பீர் கிளாஸ் வைத்த வளையங்கள் பதினொன்று.
கைப்பிடிக்குப் பக்கத்தில் சிகரெட் சுட்ட தழும்பு.
ஒலியளவுக் குமிழைச் சுற்றி
ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள் புத்தம்புதுசு.
எட்டுக்கு மேல் எதுவும் தெரியவில்லை,
விரல் தேய்த்தே அழிந்துவிட்டது.

திருகுகளில் துரு. உப்புக்காற்றுத் துரு.
இது கடலுக்குப் போனதில்லை.
க்ளெம்தான் போவார்,
ஐஸ்லாந்துப் பக்கம், மூன்று வாரம்.
கரையில் மூன்றே நாள், அந்த மூன்று நாளும் ராஜா.
சம்பளம் தீருவதற்குள் வாசித்தாக வேண்டும்.
கிரிம்ஸ்பியில் அப்போது
யார் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்?

மூடியைக் கழற்றுகிறேன்.
இனி இடது கை பாக்கெட்டை விட்டு வரக்கூடாது.
நேற்றே பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும்
உள்ளே நானூற்றைம்பது வோல்ட் உட்கார்ந்திருக்கும்,
வழக்கு முடிந்த பிறகும்
முகம் பார்க்காத பங்காளி மாதிரி.
ஒரு கம்பி, ஒரு ரெசிஸ்டர், கொஞ்சம் பொறுமை.
மீட்டரில் எண் இறங்குகிறது,
இடுப்பு, முழங்கால், கணுக்கால்,
தரை.

மஞ்சள் கெப்பாசிட்டர்கள் வரிசை குலையாமல்.
தகட்டின் மேல் பென்சிலில் இரண்டு எழுத்து,
அறுபத்தெட்டில் இதைக் கட்டிய யாரோ ஒருத்தி
மதியச் சாப்பாட்டுக்கு முன் போட்டிருப்பாள்.
எல்லாம் சரிதான் என்று எழுதப் போனபோதுதான்
அந்த டிரான்ஸ்ஃபார்மர்.

சாம்பல் நிறம். இதன் குடும்பமே இல்லை.
சாலிடர் சளி மாதிரி திரண்டு கிடக்கிறது.
துளைகள் இரண்டும் கோணல்.
எவன் இந்த வேலையைச் செய்தது என்று
வாய்விட்டே திட்டினேன்.
விளக்கை அருகில் இழுத்தேன்.
நீலப் பேனாவில் ஒரு தேதி:
பிப்ரவரி எண்பத்தேழு.
ஏழின் இடுப்பில் ஒரு கோடு.
இந்த ஊரில் ஏழை அப்படி எழுதுகிறவள்
நான் ஒருத்திதான்.

இருபத்துமூன்று வயது எனக்கு.
ஒரு சனிக்கிழமை இரவு, பாதிப் பாட்டில் ஃப்யூஸ் போக,
க்ளெம் அதன் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி
மீதிப் பாட்டை முடித்திருக்கிறார்.
பாட்டோடு டிரான்ஸ்ஃபார்மரும் முடிந்தது.
பூட்டிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையின்
ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கி இதைப் போட்டேன்.
கூலி, செய்தித்தாளில் சுற்றிய
இரண்டு ஹேடாக் மீன்.
இனி வெள்ளித்தாள் கூடாது என்றேன்.
சரி மகளே என்றார்.

ஃப்யூஸைத் திருகி எடுக்கிறேன்.
வெள்ளித்தாள்.

"எழுதாமல் விட முடியாதா?" என்றான் ராய்ஸ்டன்,
மெதுவாக. "பாதி விலை போய்விடும்."
பதில் சொல்லாமல் புது ஃப்யூஸ் போட்டேன்.
முதல் சுவிட்ச். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.
வால்வுகளின் அடியில் ஆரஞ்சு ஊறுகிறது,
சூடான தூசியின் வாசனை.
இரண்டாவது சுவிட்ச்.
பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன்,
மூன்றாவது மட்டும் மணி அடிக்கிறது. மாற்ற வேண்டும்.
மற்றபடி அந்தப் பழைய முனகல்,
தூங்குகிற பெரிய நாயினுடையது.

ராய்ஸ்டனுக்கு கிதார் தெரியாது.
வயரின் நுனியைக் கட்டைவிரலால் தொட்டான்,
அவ்வளவுதான்.
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
கீழே பந்தயக் கடைக்காரர்
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
சிரித்தான். குழந்தை மாதிரி
இன்னொரு முறை தொட்டான்.

டிரான்ஸ்ஃபார்மர்: அசல் அல்ல.
மாற்றியவர் யார் என்று
படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்:
நான். துளைகள் கோணல், வேலை செய்கிறது.

பிறகு அந்த வெள்ளித்தாளை
நகத்தால் நீவி
படிவத்தோடு பின் குத்தினேன்.
இது அசல்.