ரிப்பன் அவிழ்ப்பவள்

கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடுவது என் வேலை.
ஓடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது.
பெரும்பாலும் நடை.
வேலிக்கம்பியிலிருந்து ஆரஞ்சு ரிப்பனை அவிழ்த்து
இடுப்புப் பைக்குள் திணிப்பது.

நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர்.
ஃபாயல் தீவின் கிழக்குக் கரையில்
நெற்றி விளக்கோடு கிளம்பினால்
மேற்கே கலங்கரை விளக்கத்தில் முடியும்.
அதன் கீழ்த்தளம் சாம்பலுக்குள் இருக்கிறது,
எரிமலை வெடித்த வருஷம் புதைந்தது.
வெளியூர்க்காரர்கள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள்,
உதட்டோரம் உப்புப் பூத்திருக்க.

மூன்று மாதம் முன்பே வந்துவிடும் அவர்கள் கேள்விகள்.
பாதை வழுக்குமா, மேட்டில் காற்று எப்படி,
எந்த ஷூ, எந்த ஓட்டல்,
காட்சி எங்கே நன்றாக இருக்கும்?
எஸ்மெரால்டாதான் பதில் எழுதுவாள்:
எல்லா இடத்திலும்.
பொய் இல்லை,
மேகம் இல்லாவிட்டால்.

இந்த வருஷக் கடைசி ஆள் இருநூற்றுப் பதினான்கு.
டோர்பியோர்ன். நார்வே. அறுபத்தோரு வயது.
ஹைட்ரேஞ்சியா வேலி ஒவ்வொன்றிலும் நின்றார்.
இங்கே ஏன் நீலம்,
என் அக்கா தோட்டத்தில் ஏன் ரோஸ்?
மண், என்றேன். புளித்த மண்ணில் நீலம்.
எழுதிக்கொள்ளப் பென்சில் வைத்திருந்தார்.
ஓட்டப் பந்தயத்தில், பென்சில்.

வாக்கி டாக்கி முன்னால் போனவர்களைப் பேசிக்கொண்டே வந்தது.
முதல் ஆள் எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றிவிட்டான்.
முதல் ஆள் கிரிப்டோமேரியாக் காட்டுக்குள் இறங்கிவிட்டான்.
பிறகு கொஞ்சம் கரகரத்தது.
முதல் ஆளைக் காணவில்லை.
பின்னால் போன ஆறு பேரையும்.

பசு தின்றுவிட்டது.
ஆளை அல்ல, ரிப்பனை.
ஜெர்வாசியோவின் புள்ளிப் பசு,
போன வருஷம் என் கையுறையைத் தின்ற அதே பசு,
பாதை பிரிகிற இடத்தில் மூன்றையும் உருவி
அசைபோட்டபடி நின்றிருக்கிறது.
ஏழு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே
பால் வண்டிப் பாதையில் சரிந்து
பாலாடைக்கட்டி ஆலையின் பின்வாசல் வரை
இந்தத் தீவில் யாரும் ஓடாத வேகத்தில்
ஓடியிருக்கிறார்கள்.

நாங்கள் அங்கே சேர்ந்தபோது
ரிப்பனுக்குப் பதிலாக ஜெர்வாசியோ உட்கார்ந்திருந்தார்,
வலப்பக்கம் நீட்டிய கையோடு.
டோர்பியோர்ன் தொப்பியைக் கழற்றி
தனக்குத் தெரிந்த ஐந்து போர்த்துகீசியச் சொற்களில்
வழி கேட்டார்.
பக்கத்தில் நான் இருக்கிறேன்.
எதிரே கை நீண்டிருக்கிறது.
இருந்தும் கேட்டார்.
ஜெர்வாசியோ கையை மடக்கி,
எழுந்து,
பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.
தின்று முடிக்க ஏழு நிமிஷம் ஆயிற்று.

கடைசிச் சாவடியில் நான்கு நிமிஷத் தாமதம்.
விதி விதிதான். நம்பரை நான்தான் வாங்க வேண்டும்.
அவரே ஊக்குகளைக் கழற்றினார், நான்கையும்,
ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிக் கொடுத்தார்.
இனி நடக்கலாமா?
நடக்க யாரையும் கேட்க வேண்டாம், என்றேன்.

அதன் பிறகு இடப்பக்க ரிப்பன்கள் அவருக்கு,
வலப்பக்கம் எனக்கு.
என் முடிச்சுகளை அவர் பல்லால் அவிழ்த்தார்.
மேட்டில் மேகம் விலகியது.
கடலுக்கு அப்பால் பீகோ மலை
அடியிலிருந்து முடி வரை,
இரண்டு ரிப்பன் அவிழ்க்கும் நேரம்.
பென்சிலை அவர் எடுக்கவில்லை.
நானும் கை வேலையை நிறுத்தியிருந்தேன்,
பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

சாம்பல் வெளிக்கு வந்தபோது
காற்று இறங்கிய முடிவு வளைவை
எஸ்மெரால்டா சுருட்டிக்கொண்டிருந்தாள்.
ஆலைக்குப் போன ஏழு பேரும்
சூப் குடித்தபடி பசுவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
அவருக்கும் ஒரு கிண்ணம் இருந்தது,
ஆறிப்போனது.

இரவு கணக்குப் பார்த்தோம்.
கட்டியது அறுநூற்றுப் பன்னிரண்டு.
பையில் அறுநூற்று எட்டு.
பசுவுக்குள் மூன்று.
இன்னொன்று எங்கே, என்றாள் எஸ்மெரால்டா.
காற்று, என்றேன்.