உப்புத்தாள்

டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடக்கிறேன்,
பல்லிடுக்கில் இன்சுலேஷன் டேப்.
சிவப்பு வயர் இக்னிஷன் ஃப்யூஸுக்கு,
கறுப்பு எர்த்துக்கு.
சைலன்சர் குழாய்க்குள் மூக்கை நீட்டிய சென்சார்
அனுப்புவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.
"கிசுகிசுப்புடா அது, சத்தத்தில் கேட்காது"
என்கிறான் சீனி நைனா.

சாவியைத் திருப்பி வண்டியைச் சூடாக்கினேன். முள் எழுந்தது.
ஹெட்லைட் போட்டதும்
படுத்துக்கொண்டது.

மூன்று மணி நேரம்
கோயம்புத்தூரிலிருந்து மீட்டர் அனுப்பியவனைத் திட்டித் தீர்த்தேன்.
கடைசியில் எர்த் போல்ட்.
பெரியபட்டினத்துக் காற்று நாலு வருஷமாய் நக்கிய தகரம்,
லக்கில் பச்சை.

உப்பைச் சுரண்ட
உப்புத்தாள் வாங்கி வந்தான் நைனா.
தேய்க்கத் தேய்க்க இரும்பு வெளுத்தது.

இப்போது விளக்கெரிந்தும் முள் அசையவில்லை.
சொல்கிறது:
பெட்ரோல் கூடுதல்,
காற்றுப் பற்றவில்லை.

காற்றா?
இந்தக் கரையிலா?