டாக்டர் சொல்வார்

மூச்சைப் பிடி.
இதை நான்கு மொழியில் சொல்வேன்,
ஹொக்கியனில் மட்டும் தப்பும் தவறுமாய்.
மூன்றரை வயதுக்கு எதிலும் விளங்காது.
அழுகைக்கும் அழுகைக்கும் நடுவே
மூச்சு தானாக நிற்கும் அரை நொடியில்
படம் பிடிக்கிறேன்.

லோஷினி. நிபோங் திபால்.
பினாங்குப் பாலத்தில் இரண்டு மணிநேர நெரிசல்,
நேற்றிரவிலிருந்து பால் இல்லை.
குளிப்பாட்டும்போது கைக்குத் தட்டுப்பட்டதாம்,
வலப்பக்கம், விலாவுக்குக் கீழே.
"மலச்சிக்கல்னுதான் நெனச்சேன் மிஸ்ஸி"
என்கிறாள் தாய்,
நான் கேட்காமலே, மூன்றாவது முறையாக.

ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்திருந்தேன்.
இளஞ்சூடு பட்டதும் அழுகை நின்றது.
திரையைப் பார்த்தாள்.
போன வருஷம் இப்படியொரு திரையில்தான்
தம்பியைக் காட்டியிருக்கிறார்கள் அவளுக்கு.
"என் வயித்துலயும் பாப்பாவா?"

ஈரலுக்குக் கல் என்று பெயர் வைத்தார்கள்.
இடப்பக்கம் இருப்பது மண், மேலே நுரை.
திரையில் எல்லாமே சாம்பல்.
இந்தச் சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல்
கொஞ்சம் வெளுத்து,
தனக்கென்று ஒரு விளிம்பு கட்டி
உட்கார்ந்திருக்கிறது.
இந்த முனையில் ஒரு கூட்டல் குறி,
அந்த முனையில் ஒன்று,
நடுவே புள்ளிக்கோடு.
எட்டு புள்ளி நான்கு.
அம்மாக்களுக்கு சென்டிமீட்டர் தெரியும்.
எண்ணைத் திரையோரம் தள்ளிவிடக் கற்றிருக்கிறேன்.

நிறத்தைப் போட்டேன்.
சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்டது
என்று நினைப்பார்கள். இல்லை.
சிவப்பு என் கையை நோக்கி வருவது.
நீலம் விலகிப் போவது.
பெரிய நாளத்தைக் கட்டி நெருக்குகிறது,
அடைக்கவில்லை.
ஈரலை நான்காகப் பிரித்துப் பார்ப்போம்:
இரண்டைப் பிடித்திருக்கிறது, இரண்டு சுத்தம்.
கத்தி வைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்.

"என்னாங்க மிஸ்ஸி?"

டாக்டர் சொல்வார்.
பதினோரு வருஷமாய் என்னிடமுள்ள ஒரே வாக்கியம்.
அவள் கேட்டதோ என் முகத்தை.
அதற்குப் பயிற்சி யாரும் தரவில்லை.
ஈரக்குலை நடுங்குவதைப்
பேச்சுக்குச் சொல்வது என்றிருந்தேன்,
இங்கே வேலைக்கு வரும்வரை.

நான்கு சுற்று மருந்துக்குப் பிறகு வந்தாள்.
முடியில்லை. மஞ்சள் தொப்பி.
தானே ஏறிப் படுத்து, சட்டையைத் தூக்கி,
"சூடா இருக்கா?" என்று பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள்.
ஒரு கூட்டல் குறி.
இன்னொன்று, ரொம்பக் கிட்டத்தில்.
நான்கு புள்ளி ஒன்று.

டாக்டர் சொல்வார் என்றேன்.
எண்ணை ஓரம் தள்ளவில்லை.
தாய் உதடு அசைத்துப் படிக்கும் மட்டும்
ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்,
துடைத்த இடத்தையே.