ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள்

முப்பது நாளுக்குள் திரும்பி வருபவரைச்
சிவப்பு மையில் எழுதவேண்டும் என்பது
அர்வாய்ஹேர் மருத்துவமனையின் விதி.
ஜம்யனின் பெயர் அந்தக் குளிர்காலத்தில்
மூன்று முறை சிவந்தது.

கல்லீரலில் இரண்டு வைரஸ்கள், பழைய குடித்தனக்காரர்கள்.
ஒவ்வொரு முறையும் வயிற்றிலிருந்து
ஏழெட்டு லிட்டர் நீர் இறக்குவோம்.
கச்சை தளர்ந்து, கன்னம் ஒட்டி,
மாத்திரைப் பையோடு ஜீப்பில் ஏறுவார்.
ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பை மாற்றுவோம்,
அவருக்குத்தான் என்று தெரிந்தே.
"சொல்பேச்சுக் கேட்காத ஆள்" என்று
கோப்பில் யாரோ எழுதியிருந்தார்கள்.
புரட்டிப் பார்த்தேன்,
என் கையெழுத்து.

நான்காம் முறை அனுப்பியபோது நானும் ஏறிக்கொண்டேன்.
நூற்று நாற்பது கிலோமீட்டர்.
கம்பளிக் கூடாரம், நடுவில் அடுப்பு.
கழிப்பிடம் வெளியே, அறுபது எட்டு தள்ளி.
இரவில் மைனஸ் முப்பத்தெட்டு.
நீர் பிரிக்கும் மாத்திரை காலையும் இரவும்,
வயிறு இளக்கும் பாகு மூன்று வேளை
என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்,
ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.
அவர் மனைவி செந்த்மா ஒன்றும் பேசவில்லை.
கதவைத் திறந்து
கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தாள்.

மாத்திரை முழுவதும் விடியலுக்குப் போனது.
மூடிபோட்ட வாளி ஒன்று திரைக்குப் பின்னால் வந்தது.
ஆட்டு ரோமம் நிறுக்கும் தராசில்
தினமும் ஏறி நிற்பதாக ஒப்புக்கொண்டார்;
இரண்டு கிலோ கூடினால் எனக்குச் சொல்லவேண்டும்.
தேநீரில்தான் தகராறு.
பாலும் உப்பும் சேராதது
இந்த நாட்டில் வெந்நீர்.
வருகிறவர்களுக்கு ஒரு கெண்டி, அவருக்கு ஒரு கெண்டி என்று
செந்த்மா பிரித்தாள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
உப்பிடாதவளை
அவர் ஒரு வாரம் முறைத்தார்.

வியாழன்தோறும் தொலைபேசியில் ஒரு சோதனை.
கல்லீரல் கழிக்காமல் விட்டது தலைக்கு ஏறினால்
பெயர்கள் நழுவும்.
"ஒரு நிமிடம். தெரிந்த விலங்குகளைச் சொல்லுங்கள்."
ஒட்டகம், யாக், ஓநாய் என்று தொடங்கி
ஜேர்த், ஹொங்கோர், ஷர்கா என்று
பாய்ச்சலில் போனார்.
"இவை எல்லாம் குதிரை. நிறம்தான் வேறு. ஒன்றாகத்தான் எண்ணுவேன்."
"நீ குதிரையே பார்த்ததில்லையா?"
வழிகாட்டி நூலில் இதற்குப் பதில் இல்லை.
இருபத்தாறு என்று போட்டேன்.

பத்தொன்பதாம் நாள்.
"செம்மறி" என்றார்.
"செம்மறி."
பிறகு அடுப்பில் சாணம் பொரியும் ஒலி மட்டும்.
"அது... மேலே ஏறிப் போவோமே... அது."

செந்த்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.
கண் திறந்திருக்கிறாரா? விழுங்குகிறாரா?
பாகு இரண்டு பெரிய கரண்டி, இப்போதே.
மணிக்கொரு முறை, வயிறு போகும்வரை.
மருத்துவர் ஒச்சிர் பக்கத்து ஊரிலிருந்து
பழைய ரஷ்ய வேனை
முடுக்கி முடுக்கிக் கிளப்பினார்.
நள்ளிரவு தாண்டிச் சேதி வந்தது:
வாளி நிறைந்துவிட்டது,
என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்.
பணியறையில் தனியாக எழுந்து நின்றேன்,
யாருக்கென்று தெரியாமல்.

முப்பதாம் நாள் கடந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது.
அதற்குக் கீழே மியாதக் என்றொரு பெண், சிவப்பில்.
அவள் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது.
அவளிடம் நான் எந்த விலங்கையும் கேட்டதில்லை.

தலைநகரிலிருந்து வந்த அதிகாரி
ஜம்யனின் வரியில் விரல் வைத்தார்.
"என்ன புது மருந்து?"
வாளி என்றேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, முறையில்லாத நாளில்,
அவரே அழைத்தார்.
"போன வாரம் நாயை விட்டுவிட்டேன்.
வாசலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. சேர்த்துக்கொள்."
சேர்த்தேன்.
"அதற்குப் பெயர் உண்டா?"
"உண்டு.
அதைத் தனியாக எண்ணு."